பேர் தெரியாது

ஜூன் 12, திங்கள்

ஸ்டாஃப் ரூம் மூலையில் ஒரு மாதமாகக் கிடந்த நாற்பது டேப்லெட்டுகளுக்கு இன்று விடிவுகாலம் பிறந்தது. அந்தப் பெட்டிகளின்மேல் இதுவரை குடைகள், திருத்தாத நோட்டுகள், விளையாட்டு வாத்தியாரின் வியர்வைத் துண்டு எல்லாம் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "யாராவது வகுப்புல வெச்சு நடத்திக் காட்டுங்க, இல்லேன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார். தலைமையாசிரியைக்கு நாங்கள் வைத்த பேர் பெரியம்மா. அது அவருக்கே தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார். அத்தனை பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "எனக்குக் கொடுங்க" என்றேன்.

போன வாரம் திருத்திய விடைத்தாள்கள்தான் காரணம். பத்தாம் வகுப்பில் முப்பத்தாறு பேர். மின்சாரப் பாடம் முழுக்க "புரியுதா, புரியுதா" என்று கேட்டுக் கேட்டுத்தான் நடத்தினேன். "புரியுது டீச்சர்" என்று கோரஸ் பாடினார்கள். தாளைத் திருத்தினால் பாதிப் பேருக்கு ஒரு வரிகூட விளங்கியிருக்கவில்லை. கொட்டாவி எடுத்தது முப்பத்தொரு மார்க். லிஃப்ட் மெக்கானிக்கின் மகள், கடைசி பெஞ்ச். அவள் வகுப்பில் வாயைத் திறப்பதே கொட்டாவி விடத்தான், அதுவும் நேராக என் முகத்தைப் பார்த்து. பிள்ளைகள் வைத்த பேர் அது. நானும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறேன், நல்ல டீச்சர்.

டேப்லெட்டை வைத்து என்ன செய்வதென்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கம்ப்யூட்டர் டீச்சர், என் சிநேகிதி, என் கம்ப்யூட்டர்காரி எதற்கு இருக்கிறாள்?

ஜூன் 14, புதன்

மதியம் சாப்பிட்டுக்கொண்டே யோசனையைச் சொன்னேன். இரண்டே பட்டன். பச்சையை அமுக்கினால் "புரிஞ்சுது". சிவப்பை அமுக்கினால் "புரியல". நான் நடத்திக்கொண்டிருக்கும்போதே திரையில் எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு என்று எண் ஓடவேண்டும். அவ்வளவுதான்.

"இதுக்கா இவ்வளவு பில்டப்பு? ரெண்டு நாள் வேலைடி" என்றாள் கம்ப்யூட்டர்காரி, என் டப்பாவில் கையை விட்டபடி. பதினொரு வருஷமாக ஒரே மேஜை. அவள் டப்பாவைவிட என் டப்பாதான் அவளுக்கு ருசி.

"ஆனா பேர் தெரியக்கூடாது. தெரிஞ்சா ஒருத்தனும் சிவப்பு பக்கமே போகமாட்டான்."

"தெரியாது. பேர் தெரியாது. போதுமா? கல்வெட்டுல வெட்டித் தரவா?"

அனுமதிப் படிவத்தையும் அவளே நிரப்பிக்கொண்டு வந்தாள். எங்கே கையெழுத்து என்று கேட்டேன், விரலை வைத்துக் காட்டினாள், போட்டேன்.

ஜூன் 19, திங்கள்

முதல் நாள். டேப்லெட்டைக் கையில் கொடுத்ததுமே பிள்ளைகள் அதற்குச் சிலேட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். பதினைந்து நிமிடம் நடத்தினேன். பச்சை 36, சிவப்பு 0. வேண்டுமென்றே வேகவேகமாக, எனக்கே புரியாத மாதிரி நடத்தினேன். அப்போதும் 36. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். யாரென்று தேடவேண்டியிருந்தது. கொட்டாவி!

"டீச்சர், உங்களுக்கும் தெரியாதா, யார் அமுக்கினாங்கன்னு?"

"எனக்கும் தெரியாது, பெரியம்மா... தலைமையாசிரியைக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. சத்தியம்."

"சத்தியம்னா, உங்க மேலயா டீச்சர்?"

"என் மேலதான்மா."

வகுப்பே சிரித்தது. அரை நிமிடம் கழித்துத் திரையில் ஒரு சிவப்பு. பிறகு நான்கு. பிறகு பத்தொன்பது. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினேன். புரியவில்லை என்று பத்தொன்பது பேர் சொன்னதற்குக் கை தட்டிய ஒரே டீச்சர் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

ஜூலை 3, திங்கள்

இன்று சிவப்பு 27. இருபத்திரண்டு வருஷ வேலையில் இவ்வளவு அவமானமும் இவ்வளவு சந்தோஷமும் ஒரே மணி நேரத்தில் வந்ததில்லை.

ஜூலை 20, வியாழன்

நடத்தும் முறையே மாறிவிட்டது. மின்சாரப் பாடத்தையே மறுபடி எடுத்தேன். மின்தடைகளை இணையாகப் போட்டால் மொத்தத் தடை ஏன் குறைகிறது என்று சூத்திரத்தை எழுதினேன், 24 சிவப்பு. சரி என்று சூத்திரத்தை அழித்தேன். "ஒரு அரங்கத்துக்கு ஒரே வாசல் இருந்தா கூட்டம் எப்படி வெளியே வரும்? பக்கத்துலேயே இன்னொரு வாசல் திறந்தா?" என்று கேட்டேன். ஒன்பதானது. பிள்ளைகளையே எழுப்பி, வகுப்பின் இரண்டு கதவு வழியாகவும் ஓடவிட்டேன். பக்கத்து வகுப்பு வரலாற்று வாத்தியார் வந்து, "இங்க என்ன தீ விபத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிவப்பு ஒன்றானது.

அந்த ஒன்றுதான் எனக்கு இப்போது எல்லாம். எப்போதும் கடைசியாக ஒரே ஒரு சிவப்பு மிஞ்சும். மற்றவர்கள் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்துவிட்டாலும் அது அசையாது. நான் இன்னொரு விதமாகச் சொல்வேன். அப்போதும் அசையாது. மூன்றாவது விதமாகச் சொல்லும்போது எனக்கே அந்தப் பாடம் புதிதாகப் புரியும். அப்புறம்தான் பச்சையாகும். யார் அது? வகுப்பில் ஓயாமல் விவாதம் பண்ணும் 'வக்கீல்' பையனாக இருக்கும். இருக்கட்டும். தெரிந்துகொள்ள மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான்.

ஆகஸ்ட் 9, புதன்

வகுப்பு முடிந்து நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கொட்டாவி வந்து நின்றாள்.

"டீச்சர், அரைப்பரீட்சைக்கு அப்புறம் வகுப்பை ரெண்டாப் பிரிப்பாங்களாமே. அது மார்க்கை வெச்சுத்தானே?"

"ஆமா. ஐம்பது எடுத்தா அறிவியல் பிரிவு. இல்லேன்னா பொதுப் பிரிவு."

"பொதுப் பிரிவுல போனா அப்புறம் எலக்ட்ரிக்கல் படிக்க முடியாதுல்ல?"

முடியாது. அதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். லிஃப்டைப் பிரித்து மாட்ட அப்பாவுக்குத் தெரியுமாம், ஏன் ஓடுகிறது என்று தெரியாதாம். "நீயாவது ஏன்னு தெரிஞ்சுக்கோ" என்று தினமும் சொல்வாராம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக ஒரு கொட்டாவி.

"நான் பேசினா உனக்கு அப்படித் தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டே விட்டேன்.

"ஐயோ இல்ல டீச்சர். எனக்குப் பயம் வந்தா கொட்டாவி வரும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

ஒன்றரை வருஷமாக அந்தப் பெண்ணின் பயத்தைப் பார்த்து நான் கோபப்பட்டிருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்கு என்மேல் எரிச்சல்.

"ஐம்பது எடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

கம்ப்யூட்டர்காரி இப்போதெல்லாம் பெரியம்மா அறைக்கு அடிக்கடி போய்வருகிறாள். என்ன விஷயம் என்றேன். "வாராவாரம் ரிப்போர்ட் வேணுமாம். உன் பட்டனைப் பத்தித்தான்." என்ன ரிப்போர்ட்? "சும்மா, எண்ணிக்கைதான். நீ சாப்பிடு." பாதி டப்பாவை அவள் காலி செய்துவிட்டு என்னைச் சாப்பிடச் சொல்கிறாள்!

என் பட்டனைப் பற்றி மேலிடத்தில் பேசுகிறார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

அரைப்பரீட்சை மார்க். கொட்டாவி 58. ஐம்பத்தெட்டு! தாளைக் கொடுத்தபோது அவள் ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முப்பத்தாறு பேரில் இருபத்தேழு பேர் ஐம்பதைத் தாண்டியிருக்கிறார்கள். போன வருஷம் பதினாறு.

அக்டோபர் 9, திங்கள்

அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அறிவியல் பிரிவில் இருபத்து நான்கு பேர். கொட்டாவி அதில் இல்லை.

தட்டச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். பொதுப் பிரிவில் பார்த்தேன். முதல் பேரே அவளுடையது. ஐம்பதுக்குமேல் எடுத்த இன்னும் நான்கு பேரும் அங்கே. நாற்பத்தொன்று எடுத்த ஒருவன் அறிவியல் பிரிவில் இருக்கிறான். நாற்பத்து நாலு எடுத்த ஒருத்தியும் இருக்கிறாள். பிள்ளைகள் என் பின்னால் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தார்கள்.

நேராக ஆபீசுக்குப் போனேன். "மார்க் மட்டும் இல்ல மேடம், இந்த வருஷம் இதையும் சேர்த்துக்கிட்டாங்க" என்று கிளார்க் ஒரு தாளை நீட்டினார். தாளில் மூன்று கட்டம். பேர். மார்க். மூன்றாவது கட்டத்தின் தலைப்பு, 'புரியல'.

பேர். பேருக்கு நேராக எண்.

முதல் வரியில் கொட்டாவியின் முழுப்பேர். 214. அடுத்த ஆளுக்கு 131.

அந்தக் கடைசிச் சிவப்பு அவள்தான். நான் மூன்றாம் விதமாகச் சொன்னதெல்லாம் அவளுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். வக்கீல் பையனுக்கு நேராகப் பார்த்தேன், எண் 6.

கிளார்க் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அக்டோபர் 9, மாலை

பேர் தெரியாதுன்னு சொன்னாளே. சொன்னாளா இல்லையா? என் டப்பாவுல கை விட்டுக்கிட்டே சொன்னாளே! நான் என் மேல சத்தியம் பண்ணினேனே அந்தப் பிள்ளைங்க முன்னாடி. எப்படி முடிஞ்சுது அவளால?

அக்டோபர் 10, செவ்வாய்

கேட்டுவிட்டேன். கணினி அறையில், கதவைச் சாத்திவிட்டு.

"பேர் தெரியாதுன்னு சொன்னியா இல்லையாடி?"

"சொன்னேன். திரையில பேர் தெரிஞ்சுதா? ஒரு நாளாவது தெரிஞ்சுதா? சொல்லு."

அப்போதுதான் புரிந்தது. நான் கேட்டது யாருக்கும் தெரியாமல் இருக்குமா என்று. அவள் சொன்னது கண்ணுக்குத் தெரியாது என்று. ஒரே சொல். நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த சத்தியம் மொத்தமும் அந்த ஒரு சொல்லில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

"யாருக்குடி காது குத்துற? நான் எந்த அர்த்தத்துல கேட்டேன்னு உனக்குத் தெரியாது?"

"முதல்ல நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். சத்தியமா." அந்தச் சொல்லை அவள் சொன்னபோது எனக்கு உடம்பு கூசியது. "ஆகஸ்ட்ல பெரியம்மா பேரோட கேட்டாங்க. உள்ளே பேர் பதிவா இருக்குன்னு தெரிஞ்சப்புறம் இல்லேன்னு எப்படிச் சொல்றது? நான் என்ன உன்னை மாதிரி நிரந்தர வேலையிலயா இருக்கேன்? வருஷா வருஷம் அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு அடுத்த வருஷம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ பட்டனை நிறுத்தியிருப்ப."

ஆமாம், நிறுத்தியிருப்பேன். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்தே இரண்டு மாதம், தினமும் மதியம் என் எதிரே உட்கார்ந்து, என் டப்பாவில் சாப்பிட்டு, "நீ சாப்பிடு"ன்னு... பாவி. அவளுடைய பயம் எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? வெள்ளிக்கிழமை தோறும் என் பிள்ளைகளின் பேரைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

பதினொரு வருஷம். நான் மதியம் சாப்பிடவில்லை.

அக்டோபர் 10, மறுபடியும்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. "தெரியுதா, இப்ப தெரியுதா" என்று நாள் முழுக்க எழுத்தட்டையைக் காட்டிக் கேட்பவர்.

"என் கடையில தெரியுதான்னா கண்ணுக்குத் தெரியுதான்னுதான்" என்றார். பிறகு மெதுவாக, "ஒரு நேரத்துல ஒரு ஆளை ஒரு தடவைதான் எண்ணும்னு நீதானே சொன்ன? யாருன்னு தெரியாம அது எப்படி ஒரு தடவைன்னு எண்ணும்?" என்றார்.

"இதை ஜூன் மாசம் சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினேன். அவர் பாவம். அவர்மேல் தப்பில்லை. இயற்பியல் டீச்சர் நான், எனக்கு அது தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. நம்பிக்கை இருந்த இடத்தில் நான் யோசிக்கவே இல்லை.

அக்டோபர் 11, புதன்

பெரியம்மா என்னை உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் அவர் பலம்.

"இருநூத்துப் பதினாலு தடவை புரியலைன்னு சொன்ன பொண்ணை அறிவியல்ல போட்டு அவஸ்தைப்பட வைக்கிறதாம்மா? அவ நல்லதுக்குத்தான்."

"அவ ஐம்பத்தெட்டு வாங்கியிருக்கா. இருநூத்துப் பதினாலு தடவை கேட்டதாலதான் வாங்கியிருக்கா. கேக்காதவன் நாற்பத்தொண்ணு."

"அது உங்க விளக்கம். இது கணக்கு."

சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து அனுமதிப் படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். நோக்கம் என்ற இடத்தில் கம்ப்யூட்டர்காரியின் அழகான கையெழுத்து: 'எந்தெந்த மாணவர் பின்தங்கியுள்ளார் என்பதைத் தனித்தனியே கண்டறிதல்.' கீழே என் கையெழுத்து. தேதியோடு.

"நீங்க கேட்டதைத்தானே செஞ்சிருக்கோம்" என்றார்.

படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று முப்பத்தாறு பிள்ளைகளுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். வெளியே வந்து கழிப்பறையில் நின்று அழுதேன். சீ, எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அக்டோபர் 12, வியாழன்

வகுப்பில் உண்மையைச் சொன்னேன். பேர் பதிவாகிக்கொண்டே இருந்தது, எனக்குத் தெரியாது, ஆனாலும் தப்பு என்னுடையது, நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கவேண்டும் என்றேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். யாரும் திட்டவில்லை. ஒரு பையன் மட்டும், "அவனுக்கு அப்பவே தெரியும்போல, ஒரு தடவைகூட அமுக்கல" என்று பக்கத்தில் இருந்த நாற்பத்தொன்றைக் காட்டினான். வகுப்பு சிரித்தது. பிள்ளைகள் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது.

கொட்டாவி டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள். மணி அடித்ததும் முதலில் எழுந்து போனவள் அவள்தான்.

அக்டோபர் 16, திங்கள்

கொட்டாவியின் அப்பா வந்தார். வேலை உடுப்போடு, கையெல்லாம் கிரீஸ். ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"மேடம், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் பொண்ணு பட்டனை அமுக்கினதாலதான் அந்தப் பக்கம் போட்டாங்களாமே, நெசமா?"

"நெசம்தாங்க."

"அமுக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்போ அந்தப் பக்கம் போகவேண்டியது நீங்கதானே மேடம்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். "லிஃப்டுல ஆபத்து பட்டன் ஒண்ணு இருக்கும். அதை அமுக்கினவனை நாங்க திட்டமாட்டோம். அவனாலதான் கோளாறு எங்கேன்னு தெரியும்." இதைச் சொல்லிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டர்காரி அறையின் அந்தக் கோடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

பெரியம்மாவிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். ஐம்பதுக்குமேல் எடுத்த ஐந்து பேரையும் அறிவியல் பிரிவுக்குத் திருப்பி எடுக்காவிட்டால், முப்பத்தாறு பெற்றோருக்கும் என் கைப்பட எழுதி, அவர்கள் பிள்ளைகளிடம் பொய்ச் சத்தியம் செய்து வாங்கிய கணக்கு இது என்று தெரிவிப்பேன். இந்தத் தடவை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 19, வியாழன்

பதில் இல்லை. மற்ற டீச்சர்கள் என்னிடம் பேசும்போது குரலைத் தணித்துக்கொள்கிறார்கள், வீட்டில் துக்கம் நடந்த ஆளிடம் பேசுவதுபோல.

அக்டோபர் 25, புதன்

புதுப் பட்டியல் ஒட்டினார்கள். ஐந்து பேரும் அறிவியல் பிரிவில். கொட்டாவி உண்டு. 'நிர்வாகக் காரணங்களுக்காகத் திருத்தப்பட்டது' என்று ஒரு வரி. அந்த நாற்பத்தொன்றையும் நாற்பத்து நாலையும் யாரும் தொடவில்லை. இருக்கட்டும், இன்னொரு பிள்ளையை வெளியே தள்ளி எனக்கு நியாயம் வேண்டாம்.

ஜெயித்துவிட்டேனா? பலகை முன்னால் நின்று நாலு தடவை அவள் பேரைப் படித்தேன். கால் தரையில் நிற்கவில்லை.

அதே பலகையில் பக்கத்திலேயே இன்னொரு அறிவிப்பு. பள்ளி முழுவதற்கும் தொழில்நுட்பப் பொறுப்பாசிரியையாகக் கம்ப்யூட்டர்காரியை நியமித்திருக்கிறார்கள். நிரந்தரமாக. பட்டன் திட்டத்தை 'உருவாக்கி வழிநடத்தியதற்காக'வாம்.

மதியம் என் மேஜைக்கு வந்தாள். "உன் பேரையும் போடச் சொன்னேன். கேக்கலை" என்றாள். நான் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தேன். அப்புறம் போய்விட்டாள்.

நவம்பர் 6, திங்கள்

பிரித்த பிறகு முதல் வகுப்பு. இருபத்தொன்பது பேர். பேர் பதியும் பகுதியை எடுத்துவிட்டதாகக் கம்ப்யூட்டர்காரி எழுதிக் கொடுத்திருக்கிறாள். நம்பாமல் வெளியிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து பார்க்கச் சொன்னேன். எடுத்தது உண்மைதான். இப்போது நிஜமாகவே யாருக்கும் தெரியாது.

வகுப்பில் சொன்னேன். சத்தியம் என்ற சொல் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். "உங்க மேலயா டீச்சர்" என்று கேட்க ஆளில்லை.

பச்சை 29.

நவம்பர் 9, வியாழன்

பச்சை 29.

பொதுப் பிரிவு ஏழு பேரையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். அங்கே டேப்லெட் கிடையாது. அவர்கள் முகத்தைப் பார்த்து நடத்தக் கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் 14, செவ்வாய்

நடைபாதையில் கொட்டாவியை நிறுத்தினேன். எனக்கு அவளிடம் என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. மன்னிப்பா?

"வெப்பப் பாடம் புரியுதாம்மா?"

"புரியுது டீச்சர்."

"எந்த இடத்துலயாவது சந்தேகம் இருந்தா என்கிட்ட தனியா வந்து கேக்கலாம். யாருக்கும்..." அதற்குமேல் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

"எல்லாமே புரியுது டீச்சர்" என்றாள். மரியாதையாக, சிரித்த முகமாக. கொட்டாவி விடவில்லை. பயம் போய்விட்டதா, அல்லது என் முன்னால் காட்டக்கூடாது என்று பழகிவிட்டாளா? அவளுடைய அப்பா வந்து கேட்டபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

வேறு பள்ளிகளிலிருந்து ஒன்பது பேர் பட்டன் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். பின்பக்கச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் பெரியம்மா. ஓரத்தில் கம்ப்யூட்டர்காரி, புதுப் பட்டுப் புடவையில், விருந்தாளிகளுக்குக் குனிந்து குனிந்து விளக்கிக்கொண்டு.

வெப்பநிலைப் பாடம். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. திட்டமிட்டுப் போகவில்லை. பலகையில் இரண்டு குவளை வரைந்தேன். ஒன்றில் நாற்பது டிகிரித் தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு அறுபது டிகிரித் தண்ணீர். "ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா நாற்பதும் அறுபதும் நூறு. தண்ணி கொதிக்கும்" என்றேன். பெரிதாக 100 என்று எழுதி வட்டம் போட்டேன். பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்றேன்.

கொட்டாவியின் பேனா நோட்டில் பாதியில் நின்றது. பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகத்திலேயே இருந்தது. அமுக்கும்மா, அமுக்கு என்று மனசுக்குள் கெஞ்சினேன். தலையைக் குனிந்தாள். விரலை வைத்தாள்.

திரையில் பச்சை 29. சிவப்பு 0.

பின்னால் விருந்தாளிகள் கை தட்டினார்கள். "ஒருத்தர்கூட விட்டுப்போகலை பாருங்க" என்றார் பெரியம்மா. கம்ப்யூட்டர்காரி மட்டும் தட்டவில்லை. பலகையில் இருந்த நூறையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நூறை அழித்துவிட்டு ஐம்பது என்று எழுதினேன். முன்னால் சொன்னது தப்பு, இதுதான் சரி என்றேன். அதற்கும் இருபத்தொன்பது.